வாசகர் கேள்வி – பதில்: கைப்பையில் கதிரியக்க மருந்து

தைராய்டு புற்றுநோய்க்கு அளிக்கப்படும் கதிரியக்க அயோடின் சிகிச்சையைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சிகிச்சையை விட்டுவிட்டு விமானப் பயணத்தைப் பற்றியே கேட்கின்றன. சென்னைக்குப் போய் மருத்துவம் பார்த்துக்கொள்வதும், அங்கிருந்து வருகிறவரிடம் மருந்து வாங்கிவரச் சொல்வதும் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் நமக்குப் பழகிப்போன வழக்கங்கள் என்பதால் இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஆகவே இம்மாதம் அந்தக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

பட்டர்வொர்த் வாசகி ஒருவர்: என் கணவருக்குத் தைராய்டு புற்றுநோய் அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. அடுத்து அயோடின்-131 மாத்திரை தர வேண்டும் என்கிறார்கள். ஆனால் முறை வரச் சில வாரங்கள் ஆகுமாம். சென்னையில் இருக்கும் என் தம்பி, தெரிந்தவர் மூலம் அந்த மாத்திரையை வாங்கி, இங்கு வரும்போது கைப்பையில் கொண்டுவந்துவிடுகிறேன் என்கிறான். ஈயத் தகடு சுற்றிய டப்பாவில் வைத்தால் ஆபத்தில்லை என்றும் சொல்கிறான். செய்யலாமா?

செய்யக் கூடாது, அம்மா. உங்கள் தம்பியின் அக்கறையில் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அவர் அதைச் சர்க்கரை நோய் மாத்திரையைப் போல நினைத்துக்கொண்டிருக்கிறார்.

தைராய்டு புற்றுநோய் அறுவைக்குப் பின் பெரும்பாலும் அளிக்கப்படும் ஓர் அளவு 3.7 கிகாபெக்கரல், பழைய கணக்கில் 100 மில்லிகியூரி. (பெக்கரல் பொருளின் கதிரியக்கத்தை அளக்கும் அலகு; சீவர்ட் உடல் பெறும் கதிர்வீச்சை அளக்கும் அலகு.) தடுப்பு எதுவும் இல்லாமல் இருக்கும் அத்தகைய மாத்திரையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நிற்பவருக்கு மணிக்குச் சுமார் 0.2 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு கிடைக்கும். தூரம் பாதியானால் அளவு நான்கு மடங்காகும் என்பதால், அரை மீட்டரில், அதாவது விமானத்தில் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருப்பவருக்கு, அது மணிக்கு 0.8 மில்லிசீவர்ட்டைத் தாண்டும். சென்னையிலிருந்து இங்கு வந்து சேர ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆகிறது. அதற்குள் அந்த மனிதர் பெறுவது 3 மில்லிசீவர்ட்டுக்கும் அதிகம். மலேசியச் சட்டம் பொதுமக்களில் ஒருவருக்கு ஓர் ஆண்டு முழுவதற்குமாக விதித்திருக்கும் உச்ச வரம்போ 1 மில்லிசீவர்ட்தான். பையை மடியில் வைத்திருக்கும் உங்கள் தம்பியின் நிலை இன்னும் மோசம். மாத்திரைக்குப் பத்து சென்டிமீட்டர் தள்ளியுள்ள இடத்தில், கதிரியக்கப் பணியாளர் ஒருவருக்கு ஓர் ஆண்டுக்கு அனுமதிக்கப்பட்ட 20 மில்லிசீவர்ட் ஒரு மணி நேரத்திலேயே சேர்ந்துவிடும். பக்கத்து இருக்கையில் ஒரு கர்ப்பிணிப் பெண் அமர்ந்திருக்கக்கூடும் என்பதையும் அவர் எண்ணிப் பார்க்கட்டும். அந்தப் பெண்ணிடம் யாரும் சம்மதம் கேட்கப் போவதில்லை.

ஈயத் தகட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அயோடின்-131 வெளியிடும் காமாக் கதிர்களைப் பாதியாகக் குறைக்கவே சுமார் 3 மில்லிமீட்டர் ஈயம் தேவை. பத்தில் ஒரு பங்காக்க ஒரு சென்டிமீட்டர் வேண்டும். கடையில் வாங்கும் மெல்லிய தகட்டை டப்பாவைச் சுற்றி ஒட்டினால் மனத்துக்கு ஆறுதல் கிடைக்கலாம், பாதுகாப்பு கிடைக்காது. மேலும் அயோடின் ஆவியாகும் இயல்புடையது. மாத்திரை உடைந்தாலோ நனைந்தாலோ அது காற்றிலும் கையிலும் துணியிலும் பரவும். மூச்சு வழியாக உள்ளே போனால் நேராகத் தைராய்டு சுரப்பியில் சென்று தங்கும். உங்கள் கணவருக்கு அந்தச் சுரப்பியை எடுத்தாகிவிட்டது. பையைத் தூக்கி வருகிறவருக்கும் பக்கத்தில் இருக்கும் குழந்தைக்கும் அது இருக்கிறது.

சரி, எப்படியோ வீடு வந்து சேர்ந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதற்குப் பிறகும் அந்த மாத்திரையால் பயனில்லை. இந்த அளவு அயோடினை விழுங்கியவரைத் தனி அறையில் வைத்து, அவருடைய சிறுநீரைத் தனித் தொட்டியில் தேக்கி, கதிரியக்கம் தணிந்த பிறகே வெளியேற்றுவார்கள். இதை வீட்டில் செய்ய இயலாது. அயோடின்-131 எட்டு நாளில் பாதியாகக் குறைவது. நாளொன்றுக்கு எட்டு விழுக்காடு போய்விடும். எந்த நாள், எந்த நேரத்தில் எவ்வளவு என்று அளந்து தரப்படும் மருந்து, யாருடைய பையிலோ இரண்டு மூன்று நாள் கிடந்தால், அது எந்த அளவில் இருக்கிறது என்று எந்த மருத்துவரும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. வேறொருவர் கொண்டுவந்த மாத்திரையை இங்குள்ள அணு மருத்துவப் பிரிவு எதுவும் நோயாளிக்குக் கொடுக்காது. அதைவிட முக்கியமாக, பொறுப்புள்ள மருத்துவமனை எதுவும் அதை ஒருவர் கையில் கொடுத்தனுப்பாது. கொடுக்க முன்வருகிறவர் இருந்தால், அவர் கொடுப்பது என்னவென்றே ஐயப்பட வேண்டும்.

சட்டத்தின் நிலையும் தெளிவானது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிகளில் கதிரியக்கப் பொருள் ஏழாம் வகை அபாயச் சரக்கு. பயணிகள் அதைக் கைப்பையிலோ பெட்டியிலோ கொண்டுசெல்லத் தடை இருக்கிறது. ‘முன்கூட்டியே சொல்லிவிட்டால்?’ என்று கேட்பவர்கள் உண்டு. பயணியாக வருகிறவர் சொல்லி அனுமதி பெறும் வழி இதில் இல்லை. பயிற்சி பெற்ற அனுப்புநர், உரிய பொதியில், சரக்காக மட்டுமே அனுப்பலாம். மலேசியாவுக்குள் கொண்டுவரவும் வைத்திருக்கவும் 1984-ஆம் ஆண்டின் அணுசக்தி உரிமச் சட்டத்தின்கீழ், அதாவது 304-ஆம் சட்டத்தின்கீழ், உரிமம் வேண்டும்.

அறுவைக்கும் அயோடினுக்கும் இடையில் சில வாரங்கள் கழிவது வழக்கமானதுதான். அந்த இடைவெளியில் அயோடின் குறைந்த உணவு போன்ற முன்னேற்பாடுகளும் இருக்கின்றன. உங்கள் கணவரின் நிலையில் காத்திருப்பது சரிதானா என்பதை அவருடைய மருத்துவரிடமே நேரடியாகக் கேளுங்கள். காத்திருக்க இயலாது என்று அவர் சொன்னால், மருந்தை இங்கு வரவழைப்பதைவிட நோயாளி சென்னைக்குப் போய்ச் சிகிச்சை பெறுவதே நேர் வழி.

ஆயர் ஈத்தாம் வாசகர்: நான் அந்த அயோடின் சிகிச்சையை முடித்துவிட்டு வீடு திரும்பியவன். அடுத்த மாதம் அக்காள் மகள் திருமணத்துக்குச் சென்னை போக வேண்டும். விமான நிலையத்தில் கருவி ஒலித்து என்னைப் பிடித்துவைப்பார்களா? மருந்தைப் பையில் கொண்டுபோகக் கூடாதென்றால் என் உடம்பில் கொண்டுபோவது மட்டும் குற்றமில்லையா?

குற்றமில்லை. சிகிச்சையின் விளைவாக உடலுக்குள் இருக்கும் கதிரியக்க மருந்துக்கும், உடலில் பொருத்தப்பட்ட இதயமுடுக்கிக்கும் பயணிகளுக்கான அந்தத் தடையிலிருந்து வெளிப்படையாகவே விலக்கு அளிக்கப்பட்டிருக்கிறது. (1970-களில் புளூட்டோனியம்-238 மின்கலத்தால் இயங்கிய இதயமுடுக்கிகள் சிலருக்குப் பொருத்தப்பட்டன என்பது இன்றைய தலைமுறை அறியாத செய்தி.) இதில் முரண்பாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. உங்கள் உடம்பில் இருப்பது எவ்வளவு என்று அளந்து பார்த்து, மற்றவர்களோடு பழகலாம் என்ற நிலை வந்த பிறகே மருத்துவமனை உங்களை வெளியே விட்டது. யாரும் அளக்காத, யாருக்கும் தெரியாத பொருளுக்குத்தான் தடை.

கருவி ஒலிக்குமா என்றால், எந்தக் கருவி என்பதைப் பொறுத்தது. பெட்டிகளைச் சோதிக்கும் எக்ஸ்ரே இயந்திரமும், நாம் நடந்து கடக்கும் உலோகம் காட்டும் வாயிலும் கதிரியக்கத்தை உணர்வதில்லை. சில விமான நிலையங்களிலும் எல்லைச் சாவடிகளிலும் இருக்கும் கதிர்வீச்சு உணர்கருவிகள் வேறு. அவை மிக நுண்ணிய அளவுக்கும் ஒலிக்கும். அயோடின்-131 சிகிச்சை பெற்றவர்கள் மூன்று மாதம் வரையிலும் இத்தகைய கருவிகளை ஒலிக்கவைத்ததுண்டு. ஒலித்தது என்பதாலேயே பக்கத்தில் இருப்பவருக்கு ஆபத்து என்று பொருள் கொள்ள வேண்டாம். உணர்கருவியின் வேலை கண்டுபிடிப்பது, ஆபத்தை எடைபோடுவது அன்று.

ஆகவே மருத்துவமனையிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். மருந்தின் பெயர், கொடுத்த தேதி, அளவு, விவரம் கேட்கத் தொலைபேசி எண் ஆகிய நான்கும் அதில் இருக்க வேண்டும். கடிதம் ஆங்கிலத்தில் இருப்பது நல்லது. எப்போது பயணம் செய்யலாம் என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும், ஏனெனில் பேருந்தில் பத்து நிமிடம் ஒருவர் பக்கத்தில் நிற்பதும் விமானத்தில் நான்கு மணி நேரம் தோளோடு தோள் உரச அமர்வதும் ஒன்றல்ல. இன்னொன்றும் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை: சிகிச்சைக்குப் பிந்திய முதல் சில நாள்களில் உமிழ்நீர், வியர்வை, சிறுநீர் ஆகியவற்றில் அயோடின் வெளிப்படும். அப்போது உடுத்திய துணிகளைத் துவைக்காமல் பெட்டியில் அடைத்து எடுத்துப் போனால், உங்களை விட்டுவிட்டு உங்கள் பெட்டி ஒலிக்கக்கூடும். அதை விளக்குவது கூடுதல் தொல்லை.

பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகர்: பெட் ஸ்கேன் எடுத்த மறுநாள் விமானம் ஏறலாமா?

பெட் ஸ்கேனில் பெரும்பாலும் பயன்படும் ஃபுளோரின்-18, 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகும். பதினொரு மணி நேரத்தில் அறுபத்து நான்கில் ஒரு பங்குதான் மிஞ்சும். கதிரியக்கத்தைப் பொறுத்தவரை தாராளமாக ஏறலாம்.

செந்தூல் வாசகர்: ஒரு தனியார் ஸ்கேன் நிலையத்தில் வேலை செய்கிறேன். மருந்தின் அளவைப் பார்க்கும் கருவியைச் சோதிக்க எங்களிடம் ஒரு சிறிய சீசியம்-137 ‘மூலம்’, அதாவது கதிர்வீச்சை வெளியிடும் சிறு பொருள், உள்ளது. கருவி பழுதாகிச் சிங்கப்பூருக்குப் போகிறது. மூலத்தை நானே பையில் எடுத்துப் போய்க் கொடுத்துவிட்டு வரும்படி மேலாளர் சொல்கிறார். ‘இது குண்டூசி அளவுதான், எல்லோரும் செய்வதுதான்’ என்கிறார். மறுத்தால் வேலைக்கு ஆபத்து. என்ன செய்வது?

மறுத்துவிடுங்கள். ஆனால் மேலாளரோடு வாதம் செய்து மறுக்காமல், உங்கள் நிலையத்தின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரியிடம் எழுத்து மூலம் கேட்டு மறுங்கள். உரிமம் பெற்ற நிலையத்தில் அப்படி ஒருவர் இருந்தாக வேண்டும். மலாயில் ‘பெகாவாய் பெர்லிண்டுங்ஙான் சினாரான்’ என்பார்கள். உரிமத்துக்குப் பொறுப்பான அவர் எழுத்தில் ‘எடுத்துப் போ’ என்று சொல்லமாட்டார்.

உங்களை அச்சுறுத்துவதற்காக இதை மிகைப்படுத்த நான் விரும்பவில்லை. இத்தகைய சோதனை மூலங்கள் பொதுவாக 8 மெகாபெக்கரல் அளவில் இருக்கும். ஒரு மீட்டர் தூரத்தில் அதிலிருந்து வருவது மணிக்கு ஒரு மைக்ரோசீவர்ட்டுக்கும் (மில்லிசீவர்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவு. விமானம் உயரே பறக்கும்போது விண்வெளியிலிருந்து பயணிகள் பெறும் கதிர்வீச்சு அதைவிட அதிகம். ஒரு பயணத்தில் உங்களுக்கோ அருகில் இருப்பவருக்கோ பெரிய தீங்கு வந்துவிடாது. மேலாளர் இந்த அளவுக்குச் சரியாகத்தான் சொல்கிறார். அவர் விட்டுவிடுவது வேறு இரண்டு செய்திகளை. சீசியம்-137-க்குக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்குப் பெறும் அளவு 10 கிலோபெக்கரல் மட்டுமே; உங்களிடம் இருப்பது அதைப்போல் எண்ணூறு மடங்கு. அடுத்தது, அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், 30 ஆண்டு. பெட்டி தொலைந்து போனாலோ, வாடகைக் காரில் மறந்துவிட்டாலோ, அது யார் கைக்குப் போகிறதோ அவர் வீட்டில் ஒரு தலைமுறைக் காலம் கிடக்கும், அது என்னவென்று அவருக்குத் தெரியாமலேயே.

தொலையுமா என்று கேட்காதீர்கள். 2018 ஆகஸ்டில் சிரம்பானிலிருந்து ஷா ஆலமுக்குச் சென்ற ஒரு வாகனத்திலிருந்து இரிடியம்-192 என்ற கதிரியக்கப் பொருள் கொண்ட, 23 கிலோ எடையுள்ள தொழிற்கருவி காணாமற்போன செய்தியை நாம் எல்லோரும் படித்தோம். முறையான உறைக்குள், இருவர் பொறுப்பில், சாலை வழியாகப் போன பொருளே தொலைகிறதென்றால், எந்த ஆவணமும் இல்லாமல் சட்டைப் பையில் போகும் பொருளின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை. போதாக்குறைக்கு, எக்ஸ்ரே திரையில் ஈயக் கூடு கறுப்புக் கட்டியாகத் தெரியும். அதிகாரி பையைத் திறப்பார். உள்ளே இருப்பது என்னவென்று அறியாமல் கையில் எடுப்பார். பிறகு அவருக்கு விளக்கம் சொல்லப்போவது நீங்கள், மேலாளர் அல்லர்.

இத்தனைக்கும் நேர் வழி கடினமானதன்று. இந்த அளவுள்ள மூலத்தை, வெளிப்பரப்பில் மணிக்கு 5 மைக்ரோசீவர்ட்டுக்கு மேற்படாதபடி ஈயத்தில் வைத்து, விலக்குப் பொதி என்ற எளிய வகையில் சரக்காக அனுப்பலாம். உரிமம் பெற்ற முகவர் செய்து தருவார். கொஞ்சம் பணமும் கொஞ்சம் காகித வேலையும் ஆகும். அந்தப் பணத்தை மிச்சப்படுத்தத்தான் உங்கள் பெயர் பயன்படுகிறது.

பாயான் லெப்பாஸ் வாசகி: பயணிகள் விமானத்தின் அடியிலேயே கதிரியக்கச் சரக்கை ஏற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டு அதிர்ந்து போனேன். என் கைப்பையில் கூடாது, ஆனால் என் காலுக்குக் கீழே இருக்கலாம் என்பது எந்த நியாயம்?

நல்ல கேள்வி. உண்மையிலேயே ஏற்றுகிறார்கள், ஏற்றித்தான் ஆக வேண்டும். உலகில் அணு மருத்துவச் சோதனைகளில் மிகப் பெரும்பகுதிக்குப் பயன்படுவது டெக்னீசியம்-99எம். ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடும் அதைச் சேமித்துவைக்க முடியாது; அதன் தாய்த் தனிமமான மோலிப்டினம்-99 உள்ள சிறு கலத்தை வரவழைத்து, மருத்துவமனையிலேயே அன்றன்று வடித்தெடுக்கிறார்கள். மோலிப்டினமும் 66 மணி நேரத்தில் பாதியாகும். அதைப் பேரளவில் உருவாக்கும் அணு உலைகள் நெதர்லாந்து, பெல்ஜியம், தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற சில நாடுகளில் மட்டுமே உள்ளன. கப்பலில் அனுப்பினால் வந்து சேர்வது வெறும் கலம்தான். 2010-இல் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் ஐரோப்பிய விமானங்கள் நின்றபோதும், 2020-இல் கோவிட் காலத்தில் விமானங்கள் குறைந்தபோதும், மருத்துவமனைகள் இந்தக் கலங்களுக்குத் தவித்தன.

உங்கள் காலுக்குக் கீழே அது எப்படி இருக்கிறது என்பதைப் பாருங்கள். மருத்துவப் பொருள்களுக்குப் பெரும்பாலும் பயன்படும் ‘ஏ’ வகைப் பொதியின் மாதிரி மழையைப் போன்ற நீர்த்தெளிப்பில் நனைக்கப்பட்டு, 1.2 மீட்டர் உயரத்திலிருந்து கீழே போடப்பட்டு, தன் எடையைப்போல் ஐந்து மடங்குச் சுமை ஏற்றப்பட்டு, 6 கிலோ இரும்புக் கம்பியால் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து குத்தப்பட்டுத் தேற வேண்டும். உள்ளே இருப்பது திரவமானால் 9 மீட்டர் உயரத்திலிருந்து போட்டுப் பார்ப்பார்கள். ஒரு மீட்டர் தூரத்தில் எவ்வளவு கதிர்வீச்சு என்பதை அளந்து, அந்த எண்ணைப் பொதியின் மீதே எழுதுவார்கள். ஒரு விமானத்தில் இந்த எண்களின் கூட்டுத்தொகைக்கு வரம்பு உண்டு. கூட்டுத்தொகை ஏற ஏறப் பயணிகள் தளத்திலிருந்து பொதி இருக்க வேண்டிய தூரமும் கூடும். புறப்படும் முன் விமானியிடம் என்ன இருக்கிறது, எங்கே இருக்கிறது என்று எழுதிக் கொடுப்பார்கள். கைப்பைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுதான்: விபத்து நேர்ந்தால் தீயணைப்பவருக்குக்கூட எங்கே கைவைக்கக் கூடாது என்று தெரிந்திருக்கும்.

இந்த விதிகள் வானத்திலிருந்து விழவில்லை. 1971-ஆம் ஆண்டின் கடைசி நாளில் அமெரிக்காவில் ஒரு பயணிகள் விமானத்தின் சரக்கறையில் மோலிப்டினம்-99 திரவம் கசிந்தது. 1974-இல் இன்னொரு விமானத்தில் இரிடியம்-192 மூலத்தின் ஈயக் கவசம் சரியாக மூடப்படாமல் மேலே இருந்தவர்கள் கதிர்வீச்சுக்கு ஆளாயினர். அதற்குப் பின் அந்நாடு, ஆராய்ச்சிக்கும் நோய் கண்டறிவதற்கும் சிகிச்சைக்கும் உரியவை தவிர மற்றக் கதிரியக்கப் பொருள்களைப் பயணிகள் விமானத்தில் ஏற்றக் கூடாதென்று சட்டமே இயற்றியது. இப்போது எதிர்த் தொல்லை வேறு: எல்லா விதியும் நிறைவேறிய பொதியையும் அச்சத்தால் ஏற்ற மறுக்கிறவர்கள் இருக்கிறார்கள். மறுக்கப்பட்ட பொதி ஒரு நாள் தாமதமானால் அதில் உள்ள மோலிப்டினத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். அதற்காகக் காத்திருந்த நோயாளிகளின் முறையும் தள்ளிப்போகும்.

ஜார்ஜ்டவுன் வாசகர்: வெளிநாட்டிலிருந்து ‘எதிரயனி’ (நெகட்டிவ் அயன்) பதக்கம் ஒன்று வாங்கிவந்து அணிகிறேன். உடம்புக்கு நல்லது என்கிறார்கள். இதற்கும் இந்த விதிகள் பொருந்துமா?

இத்தகைய பொருள்கள் சிலவற்றில் தோரியமும் யுரேனியமும் கலந்த கனிமத் தூள் இருக்கிறது. 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் கட்டுப்பாட்டு ஆணையம் பத்துப் பொருள்களைப் பெயர் குறித்து, அணிவதை உடனே நிறுத்தும்படி எச்சரித்தது. இதை மருந்து என்று அழைப்பதே தவறு. பயணப் பையில் வைப்பதைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன், கழுத்திலிருந்து கழற்றுங்கள்.

பாலேக் பூலாவ் வாசகர்: மருத்துவராக இருந்து மறைந்த எங்கள் தாத்தாவின் அலமாரியில் கனமான சிறு ஈயப் பெட்டி ஒன்று கிடக்கிறது, மேலே ‘ரேடியம்’ என்று எழுதியிருக்கிறது. பழம்பொருள் சேகரிக்கும் உறவினர் ஒருவர் அதைத் தன்னுடன் விமானத்தில் எடுத்துச் செல்வதாகக் கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்க வேண்டாம், திறக்கவும் வேண்டாம். சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் புற்றுநோய்க் கட்டிகளில் ரேடியம் ஊசிகளைச் செருகிச் சிகிச்சை அளித்தார்கள். ரேடியம்-226-இன் அரை ஆயுள் 1,600 ஆண்டு. தாத்தாவின் காலத்தில் எப்படி இருந்ததோ ஏறத்தாழ அப்படியேதான் இன்றும் இருக்கும். அதிலிருந்து இடைவிடாமல் ரேடான் வாயு உண்டாவதால் பழைய ஊசிகள் விரிந்து கசிவதுண்டு. பெட்டி காலியாகவும் இருக்கலாம். அதைத் திறந்து பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது, கருவியால் அளந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நீங்களே அதை மருத்துவமனைக்கோ அலுவலகத்துக்கோ எடுத்துப் போகவும் வேண்டாம் என்பதற்கு ஒரு காரணம் சொல்கிறேன். 1987 செப்டம்பரில் பிரேசிலின் கோயானியா நகரில், கைவிடப்பட்ட ஒரு சிகிச்சை நிலையத்திலிருந்து சீசியம்-137 மூலம் ஒன்று பழைய இரும்புக் கடைக்குப் போய் உடைக்கப்பட்டது. வீட்டில் அடுத்தடுத்து எல்லோரும் நோயுறுவதைக் கண்ட கடைக்காரரின் மனைவி, காரணம் இதுதான் என்று ஊகித்து, மிச்சத்தைப் பையில் போட்டுக் கடை ஊழியர் ஒருவரோடு பேருந்திலேயே சுகாதார அலுவலகத்துக்கு எடுத்துச் சென்றார். அவர் ஊகம் சரி; அவரால்தான் உண்மை வெளிவந்தது. ஆயினும் பையைத் தோளில் சுமந்த ஊழியருக்குத் தோள் வெந்தது. ஏற்கெனவே மிகுந்த கதிர்வீச்சுக்கு ஆளாகியிருந்த அந்தப் பெண் அடுத்த மாதம் இறந்தார். மொத்தம் நால்வர் இறந்தனர். ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் பேரைச் சோதிக்க வேண்டியிருந்தது. உங்கள் பெட்டியில் இருக்கக்கூடியது அந்த அளவுக்கு அருகில்கூட வராது. ஆனால் எடுத்துச் செல்வதைவிட விட்டுவைத்து அழைப்பது எப்போதும் மேல்.

அந்த அறையைப் பூட்டி, குழந்தைகளை அப்பால் வைத்துவிட்டு, டெங்கிலில் தலைமையகம் உள்ள ஜபாத்தான் தெனாகா அத்தோமுக்கு, அதாவது அணுசக்தித் துறைக்கு, தொலைபேசியில் சொல்லுங்கள். பெட்டியின் மேல் எழுதியிருப்பதை அப்படியே படித்துக் காட்டுங்கள். பெட்டியின் அளவையும் அது கிடக்கும் இடத்தையும் சொல்லுங்கள். இத்தகைய பழைய மூலங்களைப் பாதுகாப்பாக வைக்கும் வசதி பாங்கியிலுள்ள மலேசிய அணுசக்தி நிறுவனத்தில் இருக்கிறது. உறவினருக்குத் தாத்தாவின் நினைவாக ஏதேனும் வேண்டுமென்றால் அவருடைய ஸ்டெதஸ்கோப்பைக் கொடுத்தனுப்புங்கள்.